பத்தாம் நூற்றாண்டுப் பெண்ணும் பதினோராம் நூற்றாண்டு மாப்பிள்ளையும்

போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கிருந்து வரும் போன்கள் பெரும்பாலும் பீரோ சாவி எங்கே என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். இந்த முறை விஷயம் வேறு. என் நாற்காலிக்கு வந்திருக்கும் அபிராமி என்ற பெண் பேசினாள்.

"சார், பழைய நீல போர்டையெல்லாம் எடுத்துட்டு க்யூஆர் கோடு வச்ச போர்டு வைக்கறோம். ஒரு சந்தேகம். ஆயிரமாவது வருஷம் எந்த நூற்றாண்டு சார்? நீங்க ஒரு கோயில்ல பத்துன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஆபீஸ்ல எல்லாரும் பதினொண்ணுங்கறாங்க."

"பத்துதாம்மா."

"அவ்வளவு உறுதியாவா சார்?"

"அந்தப் பத்துக்காக ரெண்டு ஊரு சேர்ந்து என்னைத் திட்டியிருக்கும்மா. உறுதி இல்லாம இருக்குமா?"

அவள் சிரித்துவிட்டு, "எழுதிக் குடுங்க சார், வாட்ஸ்அப் குரூப்ல போடறேன்" என்றாள். பணியில் இருந்தபோது என்னை யாரும் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. எழுதியதைத் திருத்தச் சொல்லித்தான் பழக்கம். ஆகவே உடனே உட்கார்ந்துவிட்டேன்.

தஞ்சாவூரில், பழைய கோயில்களையும் கல்வெட்டுகளையும் பார்த்துக்கொள்ளும் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. கோயில் வாசலில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு பலகை நிற்குமே, 'இக்கோயில் இன்ன நூற்றாண்டைச் சேர்ந்தது' என்று, அதை எழுதிவந்தவன் நான். அந்த ஒரு வரியை மாற்றி மாற்றி எழுதி ஒரு குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறேன். என் மனைவி அமுதா வெளியாட்களிடம் என் வேலையைச் சொல்லும்போது "ஆராய்ச்சி டிபார்ட்மென்ட்" என்பாள். என் ஆராய்ச்சியெல்லாம் எனாமல் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதோடு முடிந்துவிடும்.

சேர்ந்த புதிதில் பயிற்சி என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். கல்வெட்டு எழுத்தைப் படிக்கச் சொல்லித் தந்தார்கள். எனக்கு 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் நன்றாக வந்தது. முக்கால்வாசிக் கல்வெட்டுகள் அப்படித்தான் தொடங்கும் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. யாராவது பார்க்க வந்தால் முதல் சொல்லைக் கம்பீரமாகப் படித்துவிட்டு, "மீதி சிதைஞ்சு போச்சுங்க" என்று சொல்லிவிடுவேன். சிதைந்தது என் படிப்பு என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் அதிகாரி தனுஷ்கோடி சார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுமார் சார்'. வாயைத் திறந்தால் முதலில் 'சுமார்' வரும். "சுமார் பத்தரைக்கு வாங்க" என்பார், பத்து இருபத்தொன்பதுக்கு வாசலில் நிற்பார். கேன்டீனில் "சுமார் ரெண்டு இட்லி" என்று கேட்டு, சர்வரை ஒரு கணம் திகைக்க வைப்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க நமக்குத்தான் வியர்க்கும். இத்தனை வருடத்தில் நான் செய்த எதையும் அவர் 'சரி' என்று சொன்னதில்லை. ரொம்ப நன்றாக இருந்தால் "தப்பில்லை" என்பார். அந்த 'தப்பில்லை'யை வாங்கிக்கொண்டு நான் அமுதாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போன நாட்கள் உண்டு.

நூற்றாண்டு கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த முறை இது. கல்லில் ஆங்கில ஆண்டு இருக்காது. சில கல்வெட்டுகளில் சக ஆண்டு என்ற பழைய கணக்கு இருக்கும். அந்த ஆண்டு சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடியும். அதோடு எழுபத்தெட்டைக் கூட்டினால் கி.பி. ஆண்டு வந்துவிடும். ஆனால் நடுவில் ஜனவரி வந்து ஆங்கில ஆண்டை மாற்றிவிடுகிறது. அதனால் மாசி, பங்குனி போன்ற கடைசி மாதத்துக் கல்வெட்டு என்றால் எழுபத்தொன்பது கூட்ட வேண்டும். இப்படிக் கிடைத்த ஆண்டில் கடைசி இரண்டு இலக்கங்களை விரலால் மறைத்துவிட்டு, மீதியோடு ஒன்றைக் கூட்டினால் நூற்றாண்டு. கடைசி இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டும் அந்த ஒன்றைக் கூட்டக் கூடாது.

"பூஜ்யம் பூஜ்யம்னா ஏன் சார் கூட்டக் கூடாது?" என்று முதல் வருடம் கேட்டேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்தவர் யாரும் என்னிடம் எண்களைப் பற்றிப் பேச மாட்டார்கள். அவருக்கு அது தெரியாது.

"கல்யாணத்துல பந்தி பாத்திருக்கீங்களா?" என்றார்.

"சாப்பிட்டே இருக்கேன் சார்."

"ஒரு பந்திக்கு நூறு இலைன்னு வைங்க. நூறாவது ஆள் எந்தப் பந்தியில உக்காருவார்?"

"முதல் பந்தியில சார். கடைசி இலை."

"நூத்தியோராவது ஆள்?"

"நிப்பார் சார். எனக்குப் பின்னாடியே நின்னு, நான் எப்ப எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டிருப்பார்."

"அவ்வளவுதான். பூஜ்யமாவது ஆளுன்னு யாரும் சாப்பிட வர்றதில்லை. வருஷமும் ஒண்ணுலதான் ஆரம்பம். ஆயிரமாவது வருஷம் பத்தாவது பந்தியோட கடைசி இலை. ஆயிரத்து ஒண்ணு, அடுத்த பந்தி."

சாப்பாட்டோடு சேர்த்துச் சொன்னதால் எனக்கு அது மறக்கவே இல்லை. ஒவ்வொரு பலகைக்கும் கணக்கை மூன்று தடவை போடச் சொல்வார். மூன்றிலும் ஒரே விடை வந்துவிட்டால் சந்தேகப்பட்டு நான்காவது தடவை அவரே போடுவார்.

அவருடைய இன்னொரு சட்டம், பலகையில் ஆண்டு எழுதக் கூடாது, நூற்றாண்டுதான் எழுத வேண்டும் என்பது. "வருஷம் போட்டா சண்டை வரும். எங்க கோயில் பத்து வருஷம் மூத்தது, உங்க கோயில் அஞ்சு வருஷம் இளையதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நூற்றாண்டு பெரிசு, எல்லாத்தையும் மூடிடும்" என்பார். இதைக் கேட்டு நான் பலமாகத் தலையாட்டியது இன்றும் நினைவிருக்கிறது.

இனி அந்த இரண்டு ஊர் விவகாரத்துக்கு வருகிறேன். பாபநாசம் பக்கத்தில் ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு ஊர்கள். வடகரை, தென்கரை என்றே சொல்கிறேன். உண்மைப் பெயரை எழுத மாட்டேன், எனக்கு இன்னும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. வடகரை அமுதாவின் பிறந்த ஊர். அவளுடைய அண்ணன் கலியபெருமாள், என் மச்சான், அந்த ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர். அவருடைய மகள் சுமதிக்குத் தென்கரையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை செந்திலுக்குக் கூத்தாநல்லூரில் ஒரு வங்கியில் வேலை. அவனுடைய அப்பா ராமலிங்கம் தென்கரைக் கோயில் தர்மகர்த்தா.

ஜாதகம் பார்த்த அன்றைக்கு ஒரு சின்னச் சங்கடம் எழுந்தது. இரண்டு பேரும் பிறந்தது ஒரே தமிழ் வருடம். ஆனால் பெண் சில மாதங்கள் மூத்தவள். மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. இதே காரணத்துக்காக முன்பே ஒரு வரன் கைநழுவிப் போயிருந்தது. ராமலிங்கம்தான் ஜாதகத்தை மடித்துவைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரே வருஷத்துல பொறந்த புள்ளைங்க. இதுல யாரு மூத்தது, யாரு எளையது? எழுதுங்க பத்திரிகையை." மச்சான் அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. தாலி கட்டுவது தென்கரைக் கோயிலில் என்று அப்போதே பேச்சு.

நான்கைந்து மாதம் கழித்து இரண்டு கோயில்களுக்கும் பலகை எழுத உத்தரவு வந்தது. வடகரையில் ஐப்பசி மாதக் கல்வெட்டு. கணக்குப் போட்டேன். கி.பி. 1000. கடைசி இரண்டும் பூஜ்யம், கூட்டக் கூடாது, பத்தாம் நூற்றாண்டு. தென்கரையில் மாசி மாதக் கல்வெட்டு. எழுபத்தொன்பது கூட்ட வேண்டும். கி.பி. 1001. பதினோராம் நூற்றாண்டு. ஒரே நாளில் பூஜ்யம், மாசி என்ற இரண்டு பொறிகளையும் தாண்டிவிட்டேன். தனுஷ்கோடி சார் நான்காவது தடவை போட்டுப் பார்த்து "தப்பில்லை" என்றார். பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பலகை நட்ட மறுவாரமே சுமதி தஞ்சாவூருக்கு வந்துவிட்டாள். தனியாக, பஸ் பிடித்து. அழுத முகம்.

"மாமா, உங்க போர்டால என் கல்யாணம் நின்னு போச்சு."

நடந்தது இதுதான். மச்சான் இரண்டு பலகையையும் படித்திருக்கிறார். பத்து, பதினொன்று. நேராகத் தென்கரைக்குப் போய், "நூறு வருஷம் மூத்த சாமிய விட்டுட்டு எளைய சாமி முன்னாடி தாலி கட்டறது மொறையில்ல சம்பந்தி, கல்யாணம் எங்க கோயில்லதான்" என்றிருக்கிறார். ராமலிங்கத்துக்கு 'எளைய சாமி' என்ற வார்த்தை தாங்கவில்லை. "எங்க சாமி எளைய சாமின்னா எங்க புள்ளையும் உங்களுக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டார். பத்திரிகை அடிக்கக் கொடுத்ததைத் திரும்ப வாங்கியாகிவிட்டது.

"இதுவும் போச்சுன்னா அப்பாவுக்கு இன்னொரு தடவை ஜாதகத்தை எடுத்துக்கிட்டு வாசப்படி ஏறத் தெம்பு இல்ல மாமா" என்றாள் சுமதி. "எனக்கும் வேற யாரும் வேணாம்."

அமுதா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. கேட்கவும் முடியவில்லை.

மறுநாள் தனுஷ்கோடி சாரிடம் போய் நின்றேன். "சார், அந்தப் பலகையில ஒண்ணை மாத்தணும்."

"தப்பா இருக்கா?"

"இல்ல சார்."

"தப்பா இருந்தா மாத்தலாம். தப்பில்லாததை எப்படி மாத்தறது?"

"ரெண்டுக்கும் முன்னாடி 'சுமார்'னு சேர்த்துக்கலாமா சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

சரி, நாமே போய் விளக்கிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியதுதான் பெரிய வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரையும் பொது இடமாக வாய்க்கால் மதகடியில் கூட்டினேன். சம்பா நட்டு முடிந்த நேரம். வயலில் வேலை முடித்து வந்தவர்களும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். நான் சாக்பீஸோடு போயிருந்தேன். மதகுச் சுவரில் 1000 என்றும் 1001 என்றும் பெரிதாக எழுதி, வாத்தியார் மாதிரித் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பாருங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல நூறு வருஷமெல்லாம் கிடையாது. ஒண்ணு பத்தாவது பந்தியோட கடைசி இலை, இன்னொண்ணு பதினோராவது பந்தியோட முதல் இலை."

"எங்கள ரெண்டாம் பந்திங்கறீங்களா?" என்றார் ராமலிங்கம்.

"ஐயோ இல்லைங்க. கடைசி ரெண்டு பூஜ்யம் வந்தா கூட்டக் கூடாது, அதனாலதான் வடகரை பத்து..."

"எங்களுக்குக் கூட்டினீங்க, அவங்களுக்கு ஏன் கூட்டல? மச்சான்கறதாலயா?"

"அவங்களுக்கும் கூட்டினா அவங்களும் பதினொண்ணாயிடுவாங்களே!"

"அப்பக் கூட்டிடுங்க. ரெண்டும் பதினொண்ணுன்னு போட்டுடுங்க. பிரச்சினை முடிஞ்சுது."

உடனே மச்சான் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "என்ன மாப்ள, ஆயிரம் வருஷமா பத்தாம் நூற்றாண்டா இருந்த கோயிலை ஒரு சாக்பீஸ்ல பதினொண்ணாக்கப் பாக்கறீங்களா?"

அவருக்கு அது பத்தாம் நூற்றாண்டு என்பது தெரிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டேன். இரண்டு கரைக்காரர்களும் ஒற்றுமையாகிவிட்டார்கள், என்னைத் திட்டுவதில். வரப்பில் நின்ற ஒருவர், "இவரு எந்த நூற்றாண்டுன்னு கேளுங்கப்பா" என்றார். நல்ல சிரிப்பு.

அப்போதுதான் சுமதி அமுதாவின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கல்யாணப் பெண் இப்படிப் பலர் நடுவில் வந்து பேசுவதில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு இழக்க இனி எதுவும் மிச்சமில்லை.

"மாமா, கல்லுல ஆயிரம்னா வெட்டியிருக்கு?"

"இல்லம்மா. கல்லுல சக வருஷம்தான் இருக்கும். தொள்ளாயிரத்து இருபத்திரண்டு. அதோட எழுபத்தெட்டைக் கூட்டி..."

"கூட்ட வேணாம். தென்கரைக் கல்லுல?"

"அது மாசி மாசங்கறதால எழுபத்தொன்பதைக் கூட்டி..."

"கூட்டாம சொல்லுங்க மாமா!"

நான் சொன்னேன். "தொள்ளாயிரத்து இருபத்திரண்டு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இரண்டு கல்லிலும் ஒரே ஆண்டு. ஐப்பசியில் ஒன்று, மாசியில் ஒன்று. என் அலுவலகத்தில் கல்லில் இருக்கும் எண்ணை யாரும் ஆண்டாக நினைப்பதே இல்லை. அது கூட்டுவதற்கான ஒரு எண். கூட்டி முடித்ததும் நாங்கள் அதை மறந்துவிடுவோம். நான் மூன்று தடவை மறந்திருக்கிறேன், தனுஷ்கோடி சார் நான்காவது தடவை மறந்திருக்கிறார். கல்லை வெட்டியவனுக்கு நூற்றாண்டும் தெரியாது, ஜனவரியும் தெரியாது. நான்கு மாத இடைவெளியில் ஒரே வருடத்தில் எழுந்த இரண்டு கோயில்களுக்கு நடுவே நூறு வருடத்தைக் கொண்டுபோய் நட்டவன் நான், அதுவும் சிமென்ட் போட்டு.

"ஒரே வருஷமா?" என்றார் ராமலிங்கம் மெதுவாக.

"ஒரே வருஷந்தாங்க. ஐப்பசி, மாசி."

மச்சான் இன்னும் விடவில்லை. "நாலு மாசம்னாலும் மூத்தது மூத்ததுதானே?" என்றார்.

சுமதி அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அந்தக் கேள்வி எங்கே போய் முட்டும் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மதகுக் கட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ராமலிங்கம்தான் பேசினார். "சம்பந்தி, ஜாதகம் பாத்த அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன். ஒரே வருஷத்துல பொறந்ததுங்க, இதுல யாரு மூத்தது யாரு எளையதுன்னு. புள்ளைங்களுக்குச் சொன்னது சாமிக்கு ஆகாதா?"

மச்சான் தலையைத் தூக்காமலே, "ஆகும்" என்றார். பிறகு, "மாலை எங்க கோயில்லேர்ந்து வரும்" என்றார்.

"வரட்டும். வாய்க்கால் வரைக்கும் வந்து நானே வாங்கிக்கறேன்."

ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அமுதா, "நீங்க சும்மா இருங்க" என்றாள். சும்மா இருந்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

திங்கட்கிழமை தனுஷ்கோடி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி கழன்றது. நெடுநேரம் துடைத்தார். ஆனால் அது கோபத் துடைப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய சட்டத்தை அவரே மாற்றினார். நூற்றாண்டு வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார், கல்லில் உள்ள ஆண்டும் மாதமும் கல்லில் உள்ளபடியே. அன்றிலிருந்து நான் எழுதிய எல்லாப் பலகையிலும் அந்த இரண்டாவது வரி உண்டு. அபிராமி, உன் க்யூஆர் கோட்டில் வேறு எதை விட்டாலும் அதை விட்டுவிடாதே அம்மா.

மறுபடியும் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள். மாதிரிப் பத்திரிகையை ராமலிங்கமே தஞ்சாவூருக்கு எடுத்து வந்தார். "நீங்க எழுத்து வேலைக்காரர், ஒரு தடவை பாத்துடுங்க" என்று கையில் கொடுத்தார். கல்யாணம் தை மாதம். ஜனவரி கடைசி. ஆண்டு 2000. ஊரெல்லாம் புது நூற்றாண்டு பிறக்கப் போகிறது என்று பட்டாசு வாங்கி வைத்திருந்த நேரம். பத்திரிகையின் நெற்றியில் தங்க எழுத்தில் போட்டிருந்தது: 'இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் முகூர்த்தத்தில்.'

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். கடைசி இரண்டும் பூஜ்யம். இருபதாவது பந்தியின் கடைசி இலை. புது நூற்றாண்டு பிறக்க இன்னும் ஒரு முழு வருடம் கிடக்கிறது. கை தானாகவே போகிறது. நிமிர்ந்து பார்த்தேன். ராமலிங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. சமையலறை வாசலில் அமுதா கரண்டியோடு நின்றாள். பேனாவை மூடினேன்.

"சரியா இருக்குங்க" என்றேன். என் பணிக்காலத்தில் நான் கணக்குப் போடாமல் ஒப்புக்கொண்ட ஒரே நூற்றாண்டு அதுதான்.

கல்யாணம் தென்கரையில் நடந்தது. மாலை வடகரையிலிருந்து மேளத்தோடு வந்தது. ராமலிங்கம் வாய்க்கால் பாலத்தில் நின்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாலி கட்டும்போது மச்சான் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டேன்.

தனுஷ்கோடி சார் வந்திருந்தார். முதல் பந்தியில் கடைசி இலையில் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் சட்டைப் பையில் பத்திரிகை இருந்ததைப் பார்த்ததும் சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். உட்கார்ந்தவர் பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். நெற்றி வரியை விரலால் தொட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சாம்பார் வாளியோடு அவர் எதிரில் நின்ற நான் அப்படியே நின்றேன்.

அவர் தலையைத் திருப்பி மணமேடைப் பக்கம் பார்த்தார். சுமதி செந்திலிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டு, பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தார்.

"சுமார் சரிதான்" என்றார். "சாம்பாரை ஊத்துங்க."